குளச்சலில் நங்கூரம் போட்ட பாய்ப்படகில் குடித்தனம்: எந்த அறிகுறிக்கு என்ன கோளாறு

அத்தானுடைய 30 அடி ஃபைபர் பாய்ப்படகு கொச்சியிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியில் குளச்சலில் நின்றுவிட்டது. பழுதெல்லாம் இல்லை, காற்றுதான் காரணம். தை, மாசியில் குமரி முனையைத் தாண்டியதும் மன்னார் வளைகுடாவிலிருந்து வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும். அதை எதிர்த்து அந்தச் சின்னப் படகு ஏறிப் போவது வீண் பாடு. பங்குனி வரை காத்திருக்கலாம் என்று முடிவானது. அத்தானுக்கோ லீவு முடிந்துவிட்டது. "படகத் தனியா விட முடியாது மாப்ளே, ராத்திரி மட்டும் வந்து படுத்துக்கோ, போதும்" என்றார். ராத்திரிக்கு மட்டும் என்று போனவன் ஒன்பது வாரம் அங்கேயே கிடந்தேன்.

நான் நாகர்கோவில்காரன். கடல் என்றால் சங்குத்துறைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருவது என்ற அளவில்தான் பழக்கம். அதனால் முதல் பத்து நாளில் பயப்பட வேண்டியதற்கும் வேண்டாததற்கும் சேர்த்தே பயந்தேன். பிறகு ஒன்று பிடிபட்டது. தூக்கத்தைக் கெடுக்கிற சத்தங்கள் பெரும்பாலும் வெட்டிச் சத்தம். சத்தமே போடாமல் வருகிறதே, அதுதான் ஆளை முழுங்கும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படகில் தங்கப் போவதற்கு முன் ஒரு வேலை. மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸிலும் படகின் காகிதங்களைக் காட்டி, எத்தனை நாள், யார் தங்குகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். ஊர்க் கமிட்டியிடமும் சொல்லுங்கள். துறைமுகம் மீன்பிடிக்கிறவர்களுக்காகக் கட்டியது, நாம் விருந்தாளி. வள்ளங்கள் போகிற வழியில் நங்கூரம் போட்டுவிட்டு, பிறகு சண்டை பிடிக்கக் கூடாது. மே மாதக் கடைசிக்கு மேல் தங்குகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் உள்ளே வந்து அடைந்துவிடும், போதாததற்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் தொடங்கிவிடும். கிழக்கே சின்னமுட்டத்தில் தடைக்காலம் இன்னும் முந்தி, ஏப்ரல் 15-க்கே வந்துவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். கணக்குப் போடும்போது இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

மண்டைக்கு மேலே 'டக், டக், டக்'

பாய் ஏற்றுகிற கயிறு பாய்மரத்தில் மோதுகிறது. அவ்வளவுதான். ஆனால் பாய்மரம் அலுமினியக் குழாய், அடிப்பாகம் நீங்கள் படுத்திருக்கிற அறையில் நிற்கிறது. கோவில் மணிக்குள் படுத்த மாதிரி இருக்கும். கயிற்றை இன்னும் இறுக்கினால் தட்டுகிற வேகம்தான் கூடும். மரத்தை விட்டு விலக்கி, பக்கவாட்டில் இறங்குகிற இரும்புக் கம்பியோடு சேர்த்து ஒரு துண்டுக் கயிற்றால் கட்டுங்கள். முடிந்தது. நான்கு ராத்திரி தூங்காமல் கிடந்து நான் கண்டுபிடித்தது இது.

அடியில் அப்பளம் பொரிகிறது

இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததும், தரைப்பலகைக்கு அடியில் சடசடவென்று எண்ணெயில் அப்பளம் போட்டது போல் சத்தம். வயர் கருகுகிறது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பலகையெல்லாம் தூக்கிப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காலையில் பக்கத்து வள்ளத்துப் பாட்டாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு கரை வரை கேட்டிருக்கும். "அது றாலுல்லா மக்கா!" கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்புகிற விரல் நீள இறால் வகை ஒன்று உண்டு. கொடுக்கு மூடுகிற வேகத்தில் நீரில் குமிழி உண்டாகி உடைகிறது, சத்தம் அந்தக் குமிழி உடைவது. பாறையும் கற்குவியலும் உள்ள வெதுவெதுப்பான கடலில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அலைத்தடுப்புச் சுவர்க் கற்கள் அவற்றுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஃபைபர் படகு அந்தச் சத்தத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடும்.

சந்தேகம் தீர வேண்டுமா? மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் தொடர்ந்தால், கருகுகிற வாடையும் இல்லை என்றால், இறால். அணைத்ததும் சத்தம் நின்றால் வயரைப் பாருங்கள்.

காற்றே இல்லை, படகு தொட்டில் மாதிரி ஆடுகிறது

இதற்குக் காரணம் காற்று இல்லாததேதான். பகலில் கடல்காற்று அடிக்கும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, கடலைப் பார்த்து நிற்கும், வருகிற அலையை மூக்கால் வெட்டும். ராத்திரி கரைக்காற்று வந்ததும் படகு திரும்பிக் கரையைப் பார்க்கிறது. அல்லது காற்று செத்துப்போய் எப்படியோ குறுக்கே நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிற நெட்டலைக்கு இரவு பகல் கிடையாது. அது விலாவில் மோத, படகு பக்கவாட்டில் உருளுகிறது. துறைமுகத்துக்குள்ளேயும் வாய் வழியாக மிச்சம் மீதி அலை வரும்.

அணியத்தை மறுபடி அலைக்குக் கொடுக்க வேண்டும். நங்கூரச் சங்கிலியில் முன்னால் ஒரு கயிற்றை முடிந்து, அதைப் படகின் வெளிப்பக்கமாகவே பின்னுக்குக் கொண்டுவந்து, பின்முனையான அமரத்தில் இழுத்துக் கட்டுங்கள். கயிற்றை இழுக்க இழுக்க, படகு காற்றுக்கு நேராக நிற்காமல் கோணலாகத் திரும்பும். அலைக்கு நேராக வரும் வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இடம் இருந்தால் பின்னால் இரண்டாவது நங்கூரம் போடலாம். ஆனால் மற்ற படகுகள் ஒற்றை நங்கூரத்தில் சுற்றும்போது நாம் மட்டும் இரண்டில் அசையாமல் நின்றால், அவர்கள் சுற்றி வந்து நம்மேல் மோதுவார்கள். குளச்சலில் நான் கயிற்று வித்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

குமட்டலுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாந்தி நிச்சயம். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது, ஆடவில்லை என்று கண் சொல்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். மேலே வந்து படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். எனக்கு மட்டிப் பழமும் இஞ்சி மிட்டாயும் நின்றன, புளித்த தோசை நிற்கவில்லை. மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். வந்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் தருகிற மாத்திரை போட்டுக்கொண்டு தனியாகப் படகில் காவல் இருப்பது வேண்டாம். மூன்றாவது நாளுக்குள் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும்.

விடியும் முன் விளக்கு மங்குகிறது, ஃபேன் முனகுகிறது

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி இதை நினைக்காதீர்கள். வீட்டில் கரன்ட் வந்ததும் தானே ஏறிக்கொள்ளும். இங்கே நாளை வெயில் அடித்தால்தான் உண்டு.

விடிவதற்கு முன், எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் விட்டு மீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் பேட்டரி நிறைவு. 12.2 என்றால் பாதி. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் பேட்டரியின் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கிறோம். ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் நமக்கு உள்ளது 50 தான்.

என் கணக்கு இப்படி இருந்தது. ஃபேன் 1 ஆம்பியர், 10 மணி நேரம்: 10. நங்கூர விளக்கு எல்.இ.டி, ராத்திரி முழுக்க எரிந்தாலும் இரண்டரை. இரண்டு போன்: 3. லேப்டாப், சின்ன இன்வெர்ட்டர் வழியாக, 3 மணி நேரம்: 15. மொத்தம் முப்பதுக்கு மேல். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயில் நாளில் எனக்குத் தந்தது 25 சுற்று. தினமும் ஐந்து, ஆறு கடன். ஒரு வாரத்தில் கடன்காரன் வாசலில் நிற்பான். பேட்டரி கெட்டுவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று அத்தானுக்கு போன் செய்திருந்தேன். லேப்டாப்பைக் கரையில் டீக்கடைக்காரர் புண்ணியத்தில் சார்ஜ் ஏற்ற ஆரம்பித்ததும் பேட்டரி தானாகவே குணமாகிவிட்டது.

இன்னொரு திருடன் நிழல். பாய்மரத்துக்குக் குறுக்கே நிற்கிற உத்தரத்தின் நிழல் தகட்டின் மேல் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருந்தது. தகட்டில் பத்தில் ஒரு பங்குதான் நிழல், ஆனால் மீட்டர் 4.8 ஆம்பியரிலிருந்து ஒன்றரைக்கு விழுந்துவிட்டது. தகட்டுச் செல்கள் வரிசையாகக் கோர்த்தவை, ஒன்று மறைந்தால் வரிசையே அடைபடும். உத்தரத்தைக் கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிவிட்டேன். படகு திரும்பும், நிழலும் திரும்பும், அதனால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று நங்கூர விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். விடிய மூன்று மணிக்கு வள்ளங்கள் கிளம்பும். இருட்டில் வெள்ளை விளக்கு தெரியாவிட்டால் நேராக வந்து ஏறுவார்கள். தப்பு நம்முடையது.

துவைத்த துணி காயவே இல்லை; மெத்தைக்கு அடியில் ஈரம்

கடல்நீரில் அலசிய துணி காயாது. காய்ந்தது போல் இருக்கும், சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கும். துணியில் தங்குகிற உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடல்நீரில் துவைக்கலாம், ஆனால் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சோப்புக் கட்டியும் கடல்நீரில் நுரைக்காமல் தயிர் மாதிரி திரியும், பாத்திரம் கழுவுகிற திரவச் சோப்பு நுரைக்கும். குளிக்கவும் அதுதான் எனக்கு.

மெத்தை ஈரத்துக்குக் காரணம் ஓட்டை இல்லை, நம் உடம்புதான். உடம்புச் சூட்டில் உள்ள ஈரம் கீழே இறங்கி, கடல்நீர் பட்டுக் குளிர்ந்த பலகையில் வேர்வையாகப் படிகிறது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக வேண்டும். தேங்காய் நார்ப் பாய் ஒன்றை வாங்கி விரித்தேன், குமரி மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? பகலில் மெத்தையைத் தூக்கிச் சாத்தி வையுங்கள். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுவராதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது ஒரு பக்கம், அட்டை மடிப்புக்குள் கரப்பான் முட்டை வந்துவிட்டால் இறக்கிவிடுவது கஷ்டம்.

தொட்டித் தண்ணீர் நாறுகிறது

பிளாஸ்டிக் தொட்டியில் பாசி வாடை. தொட்டியைக் காலி செய்து, பிறகு 100 லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றி, தண்ணீரை நிரப்புங்கள். குழாயைத் திறந்து குளோரின் வாடை வரும் வரை விட்டு மூடுங்கள், பைப்பும் சுத்தமாக வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் கொட்டி, வாடை போகும் வரை இரண்டு தடவை அலசுங்கள். அலுமினியத் தொட்டிக்கு இந்த வைத்தியம் ஆகாது. குடிக்க நான் 20 லிட்டர் கேன்தான் வைத்திருந்தேன். தொட்டித் தண்ணீர் பாத்திரமும் துணியும் கழுவ மட்டும்.

கழிப்பறையில் அழுகின முட்டை வாடை

கழிவு என்று நினைப்போம், பெரும்பாலும் அது இல்லை. பம்பு அடித்துக் கொண்டுவந்த கடல்நீர் பைப்பில் தேங்குகிறது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகுகின்றன. ராத்திரி படுக்கும் முன்பும், படகை விட்டு இரண்டு நாள் போகும் முன்பும் இரண்டு குவளை நல்ல தண்ணீரை ஊற்றி அடித்துவிடுங்கள். கைப்பம்பு கடினமாக இழுத்தால் சுண்ணாம்புப் படிவம். வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டால் இளகும். துறைமுகத்துக்குள் வெளியேற்றக் கூடாது. கரைக் கழிப்பறைக்குத் துடுப்புப் போட்டுப் போவது நல்ல தேகப்பயிற்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஓடுகிறது, பின்னால் தண்ணீர் துப்பவில்லை

இனி சத்தமில்லாத கோளாறுகள். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷப்படாமல் பின்னால் எட்டிப் பாருங்கள். கடல்நீரை உள்ளிழுத்து, இன்ஜினைக் குளிர்வித்து, புகையோடு சேர்த்துத் துப்ப வேண்டும். அரை நிமிடத்துக்குள் வரவில்லையா, உடனே அணையுங்கள். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, சூடேறியபின்தான் தெரியும்.

முதலில் அடிவால்வு திறந்திருக்கிறதா? நான் இரண்டு தடவை மூடிய வால்வோடு ஸ்டார்ட் செய்தேன். அடுத்து வடிகட்டி, துறைமுகத்தில் பால் கவர், வலைத் துண்டு, செதில் எல்லாம் அதில் இருக்கும். அதுவும் சுத்தம் என்றால் பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அதன் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். புதுசு மாட்டுவதோடு முடியாது, பிய்ந்த இதழ்த் துண்டுகளை எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது பைப்புக்குள் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கியர் போட்டதும் இன்ஜின் திணறி நின்றால் புரொப்பல்லரில் தங்கூசி வலை, அதாவது நைலான் நரம்பு வலை, சிக்கியிருக்கும். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபின்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். மழுமழு கத்தி வழுக்கும், ரொட்டி வெட்டுகிற பல் கத்தி அறுக்கும். முறுக்கிய உராய்வில் தங்கூசி உருகிக் கட்டியாகியிருக்கும், பொறுமை வேண்டும். தனியாக இறங்காதீர்கள். வள்ளத்துக்காரர்களைக் கூப்பிட்டால் அவர்கள் அரை மூச்சில் முடித்துவிடுவார்கள்.

படகுக்குள் வெள்ளம்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். "உள்ள வெள்ளம் உண்டாடே?" என்று பாட்டா தினமும் காலையில் கேட்பார். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்கிறார் என நினைத்து, "நிறைய இருக்கு பாட்டா" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது நாள் மனுஷன் பதறிப்போய் ஏறி வந்துவிட்டார். அவர் கேட்டது படகின் அடிவயிற்றில் ஊறுகிற தண்ணீரை.

பலகையைத் தூக்கினால் உண்மையிலேயே இருந்தது, நான்கு விரல் ஆழம். படகு முழுகப் போகிறது என்று எனக்குக் கை நடுங்கியது. அவர் விரலை முக்கி நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு, "உப்பில்ல" என்றார். அந்த ஒரு சொல்லில் பாதிக் கோளாறு தீர்ந்துவிட்டது. உப்பில்லை என்றால் கடல் உள்ளே வரவில்லை, நம் தொட்டித் தண்ணீர்தான் ஒழுகுகிறது. அடுப்பு மேடைக்கு அடியில் பைப் கிளிப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு சுற்று. எண்ணெயோ கழிவோ கலந்திருக்கும் என்று தோன்றினால் நாக்கு வேண்டாம். கொஞ்சத்தைத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள், வெள்ளையாகப் பூத்தால் உப்பு.

மழைக்குப் பிறகு மட்டும் உப்பில்லாத தண்ணீர் சேர்ந்தால் பாய்மரக் குழாய் வழியாக இறங்குகிறது, கவலையில்லை. உப்பு என்றால் வரிசையாகப் பாருங்கள். புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற இடத்தை மெக்கானிக்குகள் கிளாண்ட் என்பார்கள். பழைய பேக்கிங் வகையில் இன்ஜின் ஓடும்போது சொட்டுச் சொட்டாக விழுவது முறை, அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது. நின்றபின்னும் விடாமல் சொட்டினால் நட்டைக் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அடுத்தது படகின் உடலைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு வால்வும் பைப்பும். கை வைத்துத் தடவுங்கள், ஈரம் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். கழிப்பறைப் பைப் வழியாகக் கடல் திரும்பி ஏறுவதும் உண்டு. படுக்கும் முன் அந்த வால்வை மூடினால் தீர்ந்தது.

தானியங்கிப் பம்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஓடுகிற சத்தம் நல்ல செய்தி. மிதவைச் சுவிட்சில் தலைமுடியோ பிளாஸ்டிக்கோ சிக்கினால் பம்பு அமைதியாக இருக்கும், தண்ணீர் ஏறும். வாரம் ஒரு தடவை ஒரு வாளித் தண்ணீரை நீங்களே ஊற்றி, பம்பு எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் ஒரு தடவை எங்கள் பம்பு எழுந்திருக்கவே இல்லை.

கேஸ் வாடை, லேசாகத்தான்

இதில் சிக்கனமே கிடையாது, சந்தேகமே போதும். வீட்டில் கேஸ் கசிந்தால் வாசல் வழியாகத் தரையோடு வெளியேறிவிடும் என்று நம்புகிறோம். படகு என்பது மூடி இல்லாத பாத்திரம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், வாசல் படி ஏறி வெளியே போகாது, அடிவயிற்றில் இறங்கிக் குளம் போல் கிடக்கும். பேட்டரியும் பம்பும் அங்கேதான் இருக்கின்றன.

சுவிட்ச் எதையும் போடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாதீர்கள். பம்பு ஓடித் தண்ணீர் இறைப்பது போல் கேஸையும் இறைத்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பொறி ஒன்று போதும். சிலிண்டரை வாயில் மூடுங்கள். எல்லாத் திறப்பையும் திறந்துவிட்டு ஆட்களை மேலே அனுப்புங்கள். காற்று புகுந்து வாடை அடங்க நேரம் கொடுங்கள். பிறகு ஒரு காலி வாளியால் அடியிலிருந்து கோரி வெளியே கவிழ்க்க வேண்டும். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கனமான கேஸ் வாளியில் வரும். கரையிலிருந்து பார்த்தவர்கள் ஒன்றுமில்லாததை இறைத்துக் கொட்டுகிறான் என்று நினைத்தார்கள்.

கசிவு எங்கே என்று சோப்பு நுரை காட்டும், தீக்குச்சி வேண்டாம். எங்கள் படகில் அடுப்பு ஆட்டத்துக்கு ஏற்ப ஊசலாடுகிற வகை. ஆடி ஆடி டியூப் மடிப்பில் வெடிப்பு. டியூபை மாற்றினேன், 5 கிலோ சிலிண்டரை வெளியே, அடியில் ஓட்டை உள்ள பெட்டிக்குள் மாற்றினேன். அன்று முதல் சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரை மூடி, பைப்பிலுள்ள கேஸ் எரிந்து அணையும் வரை விட்டுத்தான் அடுப்பை மூடுவேன். குக்கரில் மரச்சீனி வேகவைப்பதும் சாளை குழம்பு வைப்பதும் பிறகு ஒரு பயமும் இல்லாமல் நடந்தது.

கோவில் கோபுரம் இடம் மாறிவிட்டது

நங்கூரம் நழுவுகிறது. படகுக்குள் இருந்தால் ஒன்றும் தெரியாது, சுகமாகக்கூட இருக்கும். அதனால் போட்ட அன்றே அடையாளம் பிடித்து வைக்க வேண்டும். கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வருகிற இரண்டு பொருள்: எனக்குக் கோவில் கோபுரமும் அதற்கு முன்னால் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியும். ஒரு கோடு போதாது. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி, இரவிலும் தெரிகிற விளக்காக இருந்தால் நல்லது. பாட்டாவின் தலைமுறை ஜி.பி.எஸ். வருவதற்கு முன் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டுகளைக் கண்டுபிடித்ததும் இந்த வித்தையில்தான், கரையிலிருந்த மலைகளையும் கோபுரங்களையும் வைத்து.

கோடு விலகியதும் பதறாதீர்கள். காற்று திரும்பினால் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும், அடையாளம் விலகித் திரும்பி வரும். நழுவினால் திரும்பி வராது, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் என்றால் அணியத்தில் போய்ச் சங்கிலியின் மேல் வெறும் காலை வையுங்கள். பிடித்திருக்கிற சங்கிலி இறுகித் தளரும். நழுவுகிற சங்கிலி, கல் ரோட்டில் தகரத்தை இழுத்த மாதிரி உள்ளங்காலில் கரகரக்கும். ஒரு முறை உணர்ந்தால் மறக்காது.

முதலில் செய்ய வேண்டியது சங்கிலியை இன்னும் விடுவது. ஆழம் 4 மீட்டர், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர், ஏற்றவற்றத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 6. அதைப் போல் ஐந்து மடங்கு, 30 மீட்டர், சாதாரண நாளுக்கு. காற்று கூடினால் ஏழு மடங்கு. நங்கூரத்தை மேலே தூக்கி இழுக்கக் கூடாது, தரையோடு கிடையாக இழுத்தால்தான் மண்ணில் கொத்தும், நீளம் அதற்குத்தான். நான் முதல் வாரம் மடங்கு கணக்கில் அணியத்தின் உயரத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். விட இடம் இல்லையென்றால், இன்ஜினைப் போட்டு, எடுத்து, மறுபடி போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலுப்பாக இருக்கும், காலையில் அலைத்தடுப்புக் கல்லில் படகைப் பார்ப்பதைவிட மேல்.

அவசரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16.

வானம் நீலம், காற்று இல்லை, கயிறு மட்டும் திடீர் திடீரென்று விடைக்கிறது

கள்ளக்கடல். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர், கள்ளன் மாதிரி சொல்லாமல் வருகிற கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் நடந்து இங்கே வருகிறது. இங்கே புயலுமில்லை, மேகமுமில்லை. அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளம், அதனால் ஆழத்தில் தெரியாது, ஆழம் குறைந்த இடத்தில் எழுந்து நிற்கும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனதும் இப்படியொரு நாளில்தான்.

துறைமுகத்துக்குள் இருக்கிற படகில் இதன் முதல் அடையாளம், சுவரில் நீர்மட்டம் மூச்சு விடுவது போல் ஏறி இறங்குவது. துறை மேடையோடு கட்டியிருந்தால் கயிறுகள் விடைத்துத் தளரும், கட்டை முனகும். கயிறுகளை நீளமாக விடுங்கள், உரசுகிற இடத்தில் பழைய துணியைச் சுற்றுங்கள், முடிந்தால் மேடையை விட்டு நடுவில் நங்கூரத்துக்குப் போய்விடுங்கள். சின்னத் தோணியில் மணற்கரையில் இறங்குகிற ஆசை அன்று வேண்டாம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்கிற தேசியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். போனில் பார்க்கலாம். நான் அதற்கு மேலும் ஒன்று பார்ப்பேன்: விடிகாலையில் வள்ளங்கள் கிளம்பவில்லை என்றால் ஏன் என்று கேட்பேன்.

படகை விட்டு இறங்கியபின் தரை ஆடுகிறது

அத்தான் பங்குனியில் வந்து படகை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சிமென்ட் தரை மெல்ல மேலே ஏறி இறங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா, குடிகாரன் என்று நினைத்துப் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

ஆட்டத்துக்குப் பழகிய காது, ஆட்டம் நின்றதை நம்பவில்லை. குளிக்கும்போது கண்ணை மூடினால் கூடும், நடந்தால் குறையும். எனக்கு இரண்டு நாளில் போய்விட்டது. பெரும்பாலோருக்கு அப்படித்தான். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு நாளும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள், பைக் எடுக்காதீர்கள்.